சபையில் மட்டும் இருந்த வேலி

அந்தப் பள்ளத்தைப் பற்றிச் சட்டசபையில் கேள்வி வந்திருக்கிறது என்று என் மேலதிகாரியான தாலுகா ஆபீஸ் ஆர்.ஐ. போன் செய்தபோது முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அரியலூர் பக்கம் ஒரு கிராமத்தில் நான் வி.ஏ.ஓ. சுண்ணாம்புக்கல்லை வெட்டி எடுத்துவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போன பள்ளம் அது. மழைத்தண்ணீர் நின்று பச்சையாகக் கிடக்கும். மூன்று பக்கம் முள்கம்பி உண்டு. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற பக்கம்தான் ஒன்றுமே இல்லை.

"வேலி இருக்கான்னு கேள்வி. நாளைக்குக் காலையில மினிஸ்டர் பதில் சொல்லணும். இருக்குன்னு அனுப்பிடும்மா" என்றார்.

"ஒரு பக்கம் இல்லையே சார்."

"மூணு பக்கம் இருக்குல்ல? அப்புறமென்ன?"

அமைச்சருக்கு எங்கள் ஊர்ப் பள்ளம் தெரியவா போகிறது? கேள்வி கோட்டையிலிருந்து கலெக்டர் ஆபீஸ், தாலுகா ஆபீஸ் என்று இறங்கி என் செல்போனுக்கு வரும். நான் சொல்வது அதே வழியில் ஏறிப்போய் அவர் வாயில் விழும். அங்கேதான் சிக்கல். அவர் சபையில் 'இருக்கிறது' என்று சொல்லிவிட்டால் அப்புறம் அங்கே வேலி வரவே வராது. ஏற்கெனவே இருக்கிற வேலிக்கு எந்த ஆபீஸ் பணம் ஒதுக்கும்?

"இல்லைன்னுதான் சார் அனுப்புவேன்."

"ஏம்மா, மினிஸ்டர் சபையில நின்னு பேந்தப் பேந்த முழிக்கணுமா? உன்னை ஆண்டிமடம் பக்கம் தூக்கியடிச்சா, புள்ளய வச்சுக்கிட்டு என்ன பண்ணுவ?"

ஆனாலும் இல்லை என்றே அனுப்பினேன், கூடவே போட்டோவும்.

மறுநாள் காலை ஆபீஸில் உட்கார்ந்து செல்போனில் கேள்வி நேரம் பார்த்தேன். எங்கள் எம்.எல்.ஏ. எழுந்து கேட்டார். அமைச்சர் தாளைப் பார்த்து நிதானமாகப் படித்தார்: "பள்ளத்தைச் சுற்றிலும் பாதுகாப்பு வேலி அமைக்கப்பட்டுள்ளது." மேஜையைத் தட்டினார்கள்.

அடப்பாவிகளா! நான் அனுப்பியதை எவர் மாற்றினார்? ஆர்.ஐ.யா, கலெக்டர் ஆபீஸா, கோட்டையா? கேட்டால் ஆளுக்கு ஆள் கை காட்டுவார்கள். ஆனால் சொன்னது அவர் வாய், துறை அவருடையது. படிப்பதற்கு முன்னால் 'இது நிஜம்தானா' என்று ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கக் கூடாதா?

மத்தியானத்துக்கு மேல் ஒரு பெண் ஆபீஸுக்கு ஓடிவந்தாள். மகளை இந்த வருஷம்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருக்கிறாள்.

"நம்ம பள்ளத்தைப் பத்தி டிவியில பேசுனாங்களாமே மேடம்! எப்பங்க வேலி போடுவாங்க?"

"போட்டாச்சுன்னு சொல்லியிருக்காங்க."

அவள் என்னையே பார்த்தாள். "எங்க?"

வெளியே மழை கட்டிக்கொண்டு நின்றது. நனைந்தால் பள்ளத்தின் கரை மண் பொலபொலவென்று சரியும். அவள் வீட்டுக்குப் போகாமல் வாசலிலேயே நின்றாள்.

அமைச்சரை மறுபடி எழுந்து நிற்கவைக்க எம்.எல்.ஏ.வால்தான் முடியும். ஆனால் அரசு ஊழியர், சபையில் அமைச்சர் சொன்னது தப்பு என்று வெளியில் போய்ச் சொன்னால் வேலைக்கே வேட்டு. சம்பளத்தை நம்பித்தான் என் வீடு ஓடுகிறது. இருந்தும் கதவைச் சாத்திவிட்டு எம்.எல்.ஏ.வுக்குப் போன் போட்டேன். அவரே எடுத்தார்.

"சார், வேலி இல்லீங்க. அமைச்சர் படிச்சது தப்புங்க."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"நாளைக்கே எழுந்து கேக்குறேன்மா. ஆனா எனக்கு யார் சொன்னாங்கன்னு மினிஸ்டர் கேப்பாரு. நான் யார் பேரைச் சொல்றது?"

வைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகு பேரைச் சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் மறுபடி கேட்டார், மறுபடி சொன்னேன். எழுதிக்கொள்கிறார் என்று தெரிந்தது.

"இனிஷியல் என்னம்மா?"

அதையும் சொன்னேன்.