கிளாராக்கா வீட்டில் வடிவு மெஸ்

சின்ன வெங்காயம் உரிக்கும்போது கிளாராக்காவுக்குக் கண்ணில் நீர் வராது. மத்தியானமே தண்ணீரில் ஊறப் போட்டுவிடுவார். சாயங்காலம் ஏழரைக்கு ஹாலில் பாயை விரித்து, பேசினை முன்னால் இழுத்து வைத்து உட்கார்ந்தாரென்றால், நாடகம் முடியும்போது மறுநாள் குழம்புக்கான வெங்காயம் தயாராக இருக்கும். பார்வை முழுக்க டிவியில்தான். விரல்கள் தாமாகத் தோலை எடுக்கும். எப்போதாவது தோலைப் பாத்திரத்திலும் வெங்காயத்தைக் குப்பை முறத்திலும் போட்டாரென்றால், கதையில் அன்றைக்குப் பெரிதாக ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

நாகல் நகரில் அந்தத் தெருவுக்கு நாங்கள் குடிவந்தது தொண்ணூற்றொன்பதில். பால் காய்ச்சிய அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டுச் சுற்றுச்சுவருக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. கழுத்தில் இஞ்ச் டேப் மாலையாகத் தொங்கியது.

“டிவி இன்னும் வாங்கலையாம்ல? ஏழரைக்கு வந்துருங்க. சும்மா வராதீங்க, நாளைக்கு வெஞ்சனத்துக்கு ஆகிறது எதையாவது எடுத்துட்டு வாங்க.”

அதுதான் அந்த ஹாலின் சட்டம். வெறுங்கையோடு யாரும் வரக்கூடாது. ஒருத்தி அவரைக்காய்க்கு நார் எடுப்பாள், ஒருத்தி முருங்கைக்கீரை உருவுவாள், ஒருத்தி அரிசியில் கல் பொறுக்குவாள். “நாடகம் பாத்துக் குடும்பத்தைக் கெடுத்துட்டாளுகன்னு ஒரு பய சொல்லக்கூடாது பாருங்க” என்பது கிளாராக்காவின் விளக்கம். நான் முதல் நாள் கொண்டுபோனது கொத்தவரங்காய். அதற்குப் பிறகு எங்கள் வீட்டிலும் டிவி வந்தது. ஆனாலும் ஏழரைக்குக் காய்க்கூடையை எடுத்துக்கொண்டு அங்கேதான் போனேன்.

கிளாராக்காவின் கதையை அவரே முழுதாகச் சொன்னதில்லை. துண்டு துண்டாகக் கேட்டு நாங்கள் தைத்துக்கொண்டதுதான். அண்ணன் ரொனால்டு சார் ஹைஸ்கூலில் தமிழ் வாத்தியார். அவர் மனைவி கைக்குழந்தையை விட்டுவிட்டு இறந்தபோது, ஊரில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த தங்கையை ஒரு மாதத்துக்கு ஒத்தாசைக்கு அழைத்து வந்தார்கள். அந்த ஒரு மாதம் முடியவே இல்லை. குழந்தை ஜெஸ்ஸி வளர்ந்து, படித்து, கொடைரோட்டில் வாக்கப்பட்டுப் போனாள். சார் ரிட்டயர் ஆனார். கிளாராக்கா பிளவுஸ் தைத்துக் கொடுத்துக்கொண்டு, அண்ணனுக்குச் சோறு பொங்கிக்கொண்டு அங்கேயே இருந்தார். ஹாலில் இருந்த கலர் டிவி அவர் தைத்துச் சேர்த்து வாங்கியது. தையல் மிஷினுக்குப் போடுவதுபோலவே அதற்கும் ஓரத்தில் பூத்தையல் போட்ட உறை தைத்து மாட்டியிருந்தார்.

அந்த நாட்களில் தெருவையே கட்டிப்போட்டது ‘நாச்சியார் பங்களா’. பெரிய வீடு, பெரிய சண்டை, பெரிய நகை. அதில் வடிவு என்று ஒரு சமையல்காரி வருவாள். காபியைக் கொண்டுவந்து வைப்பாள், போகிறபோக்கில் ஒரு வார்த்தை சொல்வாள், போய்விடுவாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே நாங்கள் காத்திருப்போம். பங்களாக் கதை முடிந்ததும், அதிலிருந்து வடிவை மட்டும் பிரித்தெடுத்து, காணாமல்போன புருஷனைத் தேடிக்கொண்டே அவள் மெஸ் நடத்துவதாக, ‘வடிவு மெஸ்’ என்று புதிதாக ஒன்று தொடங்கினார்கள். முதல் நாள், வடிவு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பங்களாவின் முன்வாசல் வழியாகவே வெளியே வந்தாள். எங்கள் ஹாலில் கைதட்டல்.

“போடி என் ராசாத்தி! இனிமே ஒருத்திக்கும் காபி ஆத்தாத!” என்று கத்தியவர் அங்காளம்மாள். தெருமுனையில் இட்லிக்கடை வைத்திருந்தார். வடிவு மெஸ் வைப்பதற்கும் தனக்கும் ஏதோ கூட்டு வியாபாரம் என்பதுபோல, “சட்னிக்கு இம்புட்டுத் தேங்கா போட்டா விளங்குமாடி? கொறைச்சுப் போடு” என்று டிவியைப் பார்த்து அதட்டுவார். எங்கள் தெருவிலேயே இருந்த பீர் முகமது, தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தார். அவர் மனைவி குர்ஷித் பேகம் சிரித்துச் சிரித்துப் பூண்டை நசுக்கிவிடுவாள்.

ரொனால்டு சார் சாய்வு நாற்காலியில் பேப்பரை விரித்து முகத்தை மறைத்தபடி இருப்பார். அந்த அரை மணி நேரம் பக்கம் மட்டும் திரும்பாது.

“சாரு ஒரே பக்கத்தைத்தான் படிக்கிறாரு. அம்புட்டுப் பெரிய செய்தியாங்க சார்?” என்பார் அங்காளம்மாள்.

“உலகத்துல என்னென்னமோ நடக்குது அங்காளம்மா. உங்களுக்கு வடிவு சாம்பார் கொதிச்சுச்சா இல்லையாங்கிறதுதான் கவலை.”

“கொதிக்கலைன்னா உலகமே பட்டினி சார்.”

பேப்பருக்குப் பின்னால் சாரின் தொப்பை குலுங்கும்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தால் கிளாராக்கா நாடகத்தை விட்டுவிடுவார். மற்றவர்கள் கறியை விடுவார்கள், இவர் கறியோடு இதையும். ஆனால் எங்களை வரவேண்டாம் என்று சொல்லமாட்டார். டிவியைப் போட்டுக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய், கதவோரமாக ஹாலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார். சத்தம் குறைந்தால் உள்ளேயிருந்து குரல் வரும். “செத்தக் கூட்டி வைங்க.” பங்குச் சாமியாருக்குத் தெரிந்தால் என்ன சொல்வார் என்று குர்ஷித் கேட்டதற்கு, “பாக்கிறதைத்தானே விட்டேன், காதையுமா விட்டேன்?” என்றார். உயிர்ப்பு ஞாயிறு முடிந்த திங்கட்கிழமை பழையபடி பாயில் எங்களோடு வந்து உட்காருவார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இரண்டாயிரத்து மூன்றில், அந்தத் திங்கட்கிழமைதான் கெட்டுப்போனது.

சென்னையிலிருந்து வரும் ஒரு வாரப் பத்திரிகையில், வாசகர்கள் டிவி நாடகங்களை விமர்சித்து எழுதும் பக்கம் ஒன்று இருந்தது. சார் யாரிடமும் சொல்லாமல் ‘வடிவு மெஸ்’ பற்றி எழுதி அனுப்பியிருக்கிறார். போட்டோவோடு முழுப்பக்கம் போட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அதைத் தங்கையிடம் காட்டினார். கிளாராக்கா விடிவதற்கு முன்பிருந்தே பிரியாணிக்காக அடுப்பில் நின்றவர். அண்ணன் பேரையும் போட்டோவையும் பார்த்தார், பூரித்துப்போனார், படிக்க நேரமில்லை. பத்திரிகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வழக்கம்போல வீடு வீடாகப் பிரியாணி கொடுக்கப் புறப்பட்டார்.

“அண்ணன் பேரு புஸ்தகத்துல வந்திருக்கு. நம்ம வடிவு மெஸ்ஸைப் பத்தித்தான். படிச்சுட்டு அடுத்த வீட்டுக்குக் குடுத்துருங்க.”

தட்டில் பிரியாணி, மேலே பத்திரிகை. அவர் கையாலேயே கொடுத்தார்.

கட்டுரையின் தலைப்பு ‘ஊறுகாயே சோறாகுமா?’ சார் நன்றாகத்தான் எழுதியிருந்தார். “மூலத் தொடரில் இலையோரத்து ஊறுகாயாக ருசித்தவளை, இப்போது அள்ளி அள்ளி இலை நடுவில் வைத்துச் சோறென்று உண்ணச் சொல்கிறார்கள். இரண்டாம் கவளத்திலேயே நாக்கு செத்துவிடுகிறது” என்று தொடங்கி, ஒரு பாத்திரத்தைக்கூட விடாமல் கிழித்திருந்தார். கடைசிப் பத்தியில்தான் அது இருந்தது. “இதற்கும் கூட்டம் இருக்கிறது. என் வீட்டு ஹாலிலேயே தினமும் காண்கிறேன். காலையில் இட்லி விற்று மாலையில் வடிவுக்காக மூக்கைச் சிந்தும் ஒரு பெண்மணி, தன் புருஷனைத் தேடாத கண்களால் வடிவின் புருஷனைத் தேடுகிறார்.”

அங்காளம்மாளின் புருஷன் திருப்பூர்ப் பக்கம் போய்ப் பல வருடங்களாகத் திரும்பவில்லை. அது தெருவுக்கே தெரியும். தெரிந்தும் யாரும் பேசுவதில்லை.

திங்கட்கிழமை காலையில் கடையில் இட்லி தின்ன வந்த ஒருவன், “என்னக்கா, வடிவு புருஷன் கிடைச்சானா?” என்று கேட்டிருக்கிறான். அங்காளம்மாள் சாம்பார்க் கரண்டியை அப்படியே வாளியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாராம்.

அன்று ஏழரைக்கு நான் பீன்ஸை எடுத்துக்கொண்டு போனேன். பாய் விரித்திருந்தது. ஒருவரும் இல்லை. கிளாராக்கா வாசலைப் பார்ப்பதும் வெங்காயத்தைப் பார்ப்பதுமாக இருந்தார்.

“எங்க போனாளுக எல்லாரும்? இன்னைக்கு நான் பாய்க்கு வர்றேன்னு தெரியும்ல?”

“கட்டுரையைப் படிச்சீங்களாக்கா?”

படிக்கவில்லை. நான்தான் கடைசிப் பத்தியைக் காட்டினேன். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிப்பதுபோல உதடு அசைய நிதானமாகப் படித்தார். பிறகு பத்திரிகையை மூடி, மேலே கையை வைத்துக்கொண்டார்.

“நானே கொண்டுபோய்க் குடுத்தேனே. சோத்தோட சேத்து” என்றார்.

மறுநாள் நாங்கள் குர்ஷித் வீட்டில் கூடினோம். அங்கே இருந்தது சின்ன டிவி. வடிவின் முகம் அவ்வப்போது கோணிக்கொள்ளும். ஒருத்தி எழுந்து ஆன்டெனா ஒயரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். விளம்பர இடைவேளையில் நாடகத்தைவிடப் பெரிய நாடகம் நடந்தது.

“ஊறுகாயாம்ல? ஊறுகா இல்லாம இவருக்குப் பழைய சோறு இறங்குமான்னு கேளு” என்றாள் ஒருத்தி.

“பாக்காமலா எழுதினாரு? பேப்பர்ல ஓட்டை போட்டு வச்சிருந்திருப்பாரு” என்றாள் குர்ஷித்.

அங்காளம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. “வடிவைத் திட்டுனா திட்டிட்டுப் போறாரு. நாடகம்னா நாலு பேரு திட்டத்தான் செய்வாக. எம்புருஷனை எதுக்கு இழுத்தாரு? நான் அவரு வீட்டுல உக்காந்து அழுதது கிளாராவை நம்பி. அவ ஹாலு அது. இவரு எழுதுறதுக்கா அழுதேன்?” பிறகு அவரே சொன்னார். “கிளாரா மேல எங்களுக்கு ஒண்ணும் இல்ல. அவளை இங்க வரச்சொல்லு.”

நான் போய்ச் சொன்னேன். கிளாராக்கா வரவில்லை.

“அங்க வந்து உக்காந்தா, அண்ணனை நானே விட்டுக்குடுத்த மாதிரி ஆயிரும்மா. அவுகளுக்கு இருக்கிறது நான் ஒருத்திதான். அவுகளா ஒரு எட்டுப் போய், தப்பாயிருச்சு அங்காளம்மான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். எல்லாரும் இங்க வந்துருவாளுக. நான் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்.”

அவர் சொன்னதும் சார் மறுத்ததும் சுவர் தாண்டி எங்கள் வீட்டுக்கே கேட்டது. “விமர்சனம்னா விமர்சனம்தான் கிளாரா. பேரு போட்டேனா? அவங்க வரட்டும், நான் வேணும்னா மாடிக்குப் போயிடுறேன்.” தான் மாடிக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் உண்மையிலேயே நம்பினார். அவரைக் கெட்டவர் என்று என்னால் இன்றுவரை நினைக்க முடியவில்லை. தெருப் பிள்ளைகளுக்குச் சும்மாவே பாடம் சொல்லிக்கொடுத்தவர். ஒரு நல்ல வாக்கியம் கையில் கிடைத்தால் அவரால் அதைக் கீழே போட முடியாது, அவ்வளவுதான்.

கிளாராக்கா டிவியைப் போடுவதையே நிறுத்திவிட்டார். பூத்தையல் போட்ட உறை ராப்பகலாக அதன்மேல் கிடந்தது. அவருக்கு மட்டும் தவக்காலம் முடியவில்லை. ஒருநாள் நான் மாவு கடன் கேட்கப் போனபோது, சார் உறையைச் சுருட்டிவிட்டுத் தனியாக உட்கார்ந்து சத்தத்தை வெகுவாகக் குறைத்து வடிவு மெஸ் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் செய்திக்கு மாற்றினார். “ஏம்மா, அந்தக் கோர்ட் கேஸ் என்ன ஆச்சுன்னு உங்க வீட்டுல பாத்தீங்களா?” என்றார். நாட்டில் நடந்த எந்த கேஸும் அல்ல, வடிவு மெஸ்ஸைக் காலி செய்யச் சொல்லிப் போட்ட கேஸைத்தான் கேட்டார். பேச ஆளில்லாமல் அவரும் தவித்தார் என்றுதான் தோன்றியது.

அந்தத் தெருவில் இப்போது வீட்டுக்கு இரண்டு டிவி. கதவுகள் சாத்திக் கிடக்கின்றன. பீன்ஸை நறுக்கியே கடையில் விற்கிறார்கள். எங்கேயாவது கல்யாணத்தில் குர்ஷித்தைப் பார்த்தால், பேச்சு சுற்றிச் சுற்றி வடிவின் தகரப் பெட்டியில்தான் வந்து நிற்கும். பங்களாவில் அவள் என்ன சேலை கட்டினாள், மெஸ்ஸில் என்ன கட்டினாள் என்று இரண்டு பேருக்கும் நினைவிருக்கிறது. கதை எப்படி முடிந்தது என்பதுதான் மறந்துவிட்டது.

அந்த வருடம், உயிர்ப்பு ஞாயிறு முடிந்த சில வாரங்களில், சாரின் கட்டுரைக்கு அந்தப் பத்திரிகையில் பதில்கள் வரத் தொடங்கின. எத்தனை ஊர்களில் எத்தனை ஹால்கள் இருந்தன என்று அப்போதுதான் தெரிந்தது. திட்டியவர்கள், கெஞ்சியவர்கள், சாபம் விட்டவர்கள் எல்லாரும் இருந்தார்கள். சார் அவற்றைச் சந்தோஷமாகவே படித்தார். தன் எழுத்துக்கு இவ்வளவு எதிர்வினையா என்று.

அப்படி ஒரு சாயங்காலம், பிரியாணி வந்த தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். கிளாராக்கா ஹாலில் அரிவாள்மனை போட்டு, ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மாங்காய் வாசம் வீடு முழுக்க இருந்தது. சார் புதிதாக வந்த பத்திரிகையைப் புரட்டி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

“கீரனூர்லேர்ந்து ஒரு அம்மா எழுதியிருக்கு பாரு. மொத்தமே ஒரு வரி. ‘ஏனுங்க வாத்தியாரே, உங்க வீட்ல ஊறுகா போடறது யாருங்க?’” படித்துவிட்டு அவரே சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “இதைப் போய் விமர்சனம்னு போட்டிருக்கானுக. இதுக்கும் நான் எழுதுனதுக்கும் என்ன சம்பந்தம்?”

கிளாராக்காவின் கை நின்றது. இரண்டு வீடு தள்ளி, குர்ஷித் வீட்டில் வடிவு மெஸ்ஸின் பாட்டு தொடங்கியது. ஒயரை யாரோ சரியாகப் பிடிக்கவில்லைபோல, இரைச்சலோடுதான் கேட்டது. கிளாராக்கா எழுந்து அடுப்படிக்குப் போனார். சோற்றையும் குழம்பையும் மேஜையில் கொண்டுவந்து வைத்து மூடினார். பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு. பிறகு நறுக்கிய மாங்காயையும் நறுக்காத மாங்காயையும் ஒரே தாம்பாளத்தில் அள்ளி, அரிவாள்மனையை மடக்கி மேலே வைத்தார்.

“அண்ணே, அங்காளம்மாகிட்ட வாரீகளா?” என்று ஒருமுறை கேட்டார்.

சார் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “முதல்ல இதுக்கு என்ன பதில் எழுதுறது, அதைச் சொல்லு. ஏ கிளாரா, உன்னைத்தான் கேக்கிறேன்.”

கிளாராக்கா தாம்பாளத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, செருப்பைக் காலால் தேடி மாட்டி, முன்வாசல் வழியாக வெளியே போனார்.