ஒரே ஒரு சிவப்பு வரி

விழுப்புரத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை உடைக்கும் மில்லில் எனக்கு மூட்டை தூக்கும் வேலை. திண்டிவனத்தில் நான் ஏறும் காலை ரயிலில் அந்த அம்மா எதிர் சீட்டில் உட்காருவார். தடித்த கண்ணாடி, மடியில் லேப்டாப், அதற்கடியில் சாப்பாட்டுப் பை.

எங்கோ கிளவுடில் சேர்த்து வைத்த விவரங்களை, கேள்வியாக எழுதிக் கேட்டால் எடுத்துக் கொடுக்கும் புரோகிராம் அவருடையது என்று ஒருமுறை பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். வருஷா வருஷம் அதில் புது விதமாகக் கேட்க வழி செய்கிறாராம். ஆனால் ரயில் கிளம்பியதும் பழைய கேள்விகளைத்தான் முதலில் ஓட்டிப் பார்ப்பார். கேள்விக்கு ஒரு வரி; பதில் சரியாக வந்தால் அது பச்சையாகும், வராவிட்டால் சிவப்பு. எல்லா வரியும் பச்சையானால்தான் புது வேலை.

ஒருநாள் மயிலம் தாண்டியதும் ஒரு வரி சிவப்பானது. புதுசாகச் சேர்த்ததுதான் அந்தப் பழைய கேள்வியைக் கெடுத்தது என்று, நாலு நாளாக எழுதியதை அவர் அழிக்க ஆரம்பித்தார். எனக்கு மனசு கேட்கவில்லை.

"ஒண்ணுதானேம்மா? பழசு தானே, வுட்டுடக் கூடாதா?"

"இன்னும் அந்தப் பழைய மாதிரியே கேட்டுக்கினு ஒருத்தராவது இருப்பாருண்ணா. நாளைக்குப் பதில் வரலன்னா, தன் மேலதான் தப்புன்னு நெனச்சிக்குவாரு. நாலு நாள் போனா போவுது, திரும்ப எழுதிக்கிறேன்."

விழுப்புரம் வரும்வரை அவர் தலை நிமிரவில்லை.

ரேஷன் கடை மெஷினில் கைரேகை விழாவிட்டால், தேய்ந்துபோன என் விரல்மேல்தான் தப்பு என்று பேசாமல் திரும்பி வருகிறவன் நான். அந்த வாரமும் விழவில்லை. ஆனால் இந்தத் தடவை நான் நகரவில்லை.

"இன்னொரு தபா பாருங்க சார். வாங்கிக்கினுதான் போவேன்" என்றேன்.

இதை அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று தினமும் எதிரில் உட்காருகிறேன். இன்னும் வாய் வரவில்லை.