சார்ஜ் போட்டுக்கிட்டே ஆடாதீங்க

நஸ்ருல்லாவின் கடையில் எந்தச் சாமானை வாங்கினாலும் கூடவே ஒரு புத்திமதியையும் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். "சார்ஜ் போட்டுக்கிட்டே ஆடாதீங்க." வாங்குகிறது பள்ளிக்கூடத்துப் பிள்ளையானாலும் சரி, நரை விழுந்த பேங்க் ஆபீசரானாலும் சரி, பட்டன் அமுக்கி ஆடும் கேமைக் கையில் கொடுக்கும்போது இதைச் சொல்லாமல் விடமாட்டார். பாய் எவ்வளவு அக்கறையான மனுஷர் என்று வந்தவர்கள் நினைத்துக்கொண்டு போனார்கள். பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்.

கடை என்று சொல்வதே கொஞ்சம் பெரிய பேச்சு. திருச்சி மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு காம்ப்ளெக்ஸின் மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்தால் தலையில் இடிக்கிற இடம். அங்கே இருபத்திரண்டு வருஷமாகக் குனிந்தே உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பத்து வயதில் சவுதியிலிருந்து மாமா ஒரு பிரிக் கேம் கொண்டுவந்தார். கறுப்புக் கட்டங்கள் மேலேயிருந்து விழும், இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும், அவ்வளவுதான். பாலக்கரையில் அவர் தெருப் பிள்ளைகள் மொத்தமும் அதற்காக வாசலில் காத்துக் கிடந்தன. ஒருநாள் அது நின்றுபோக, நஸ்ருல்லா திருப்புளியால் திறந்து, விட்டுப்போன ஒயரை ஊதுபத்தி நெருப்பில் ஈயம் உருக்கி ஒட்டவைத்தார். அது மறுபடி 'டிட் டிட்' என்று கத்தியதும் இனி படிப்பு ஏறாது என்று அவர் அத்தாவுக்குத் தெரிந்துபோயிற்று.

அப்புறம் நல்ல காலம் வந்தது. விமானத்தில் சாமான் தூக்கிவந்து விற்கிற குருவிகள் சிங்கப்பூரிலிருந்து சேலைகளுக்கு நடுவே சுருட்டி வைத்து கேம்பாய் கொண்டுவந்தார்கள், பிறகு இன்னும் பெரிய திரையோடு பி.எஸ்.பி. கொண்டுவந்தார்கள். திருச்சியில் அதைத் திறக்கத் தெரிந்த கை நஸ்ருல்லாவின் கை ஒன்றுதான். பிறகு எல்லார் கையிலும் போன் வந்தது, எல்லா விளையாட்டும் அதற்குள் போய்ச் சேர்ந்தது. அவரும் போனுக்கு கிளாஸ் ஒட்டிப் பிழைத்தார். இப்போது ஐந்தாறு வருஷமாகப் பழைய கேமைத் தேடி ஆட்கள் திரும்ப வருகிறார்கள். சின்ன வயதில் ஆசைப்பட்டுக் கிடைக்காதவர்கள் சிலர். பிள்ளை கையில் போனைக் கொடுக்கப் பயந்தவர்கள் சிலர்.

ஆனால் பழைய கேமுக்குப் பேட்டரி கிடைப்பதில்லை. கம்பெனி அதைச் செய்வதை நிறுத்தி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. நஸ்ருல்லா அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். பழைய பேட்டரியின் மேல் ஓட்டைப் பிளந்து, உள்ளே இருக்கும் சின்ன சர்க்யூட்டை மட்டும் வைத்துக்கொள்வார். உயிர் போன பவர் பேங்கிலிருந்தும் போனிலிருந்தும் கழற்றிய பேட்டரியை அதோடு பற்றவைத்து, மஞ்சள் டேப் சுற்றி மூடிவிடுவார். அப்படிக் கழற்றியவை ஒரு செருப்பு அட்டைப்பெட்டி நிறைய அவர் காலடியில் கிடந்தன. மீட்டர் வைத்துப் பார்ப்பார், பிறகு கட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பார். கல் மாதிரி இருந்தால் நல்லது. மெத்தென்று இருந்தால் உள்ளே வாயு கட்டியிருக்கிறது, தூக்கிப் போட வேண்டியதுதான். பெரும்பாலும் தூக்கிப் போட்டார். பெரும்பாலும் என்றுதான் என்னால் சொல்ல முடியும்.

பங்குனி வெயிலில் பாலு வந்தார். காந்தி மார்க்கெட்டிலிருந்து ஸ்ரீரங்கத்துக் கடைகளுக்குக் காய்கறி ஏற்றிப்போகும் லோடு ஆட்டோக்காரர். மகள் பவித்ரா சைக்கிளிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டு, பதினொரு வயசுப் பிள்ளை படுத்தே கிடக்கிறாள், போனை நான் எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போய்விடுகிறேன், ஏதாவது கேம் கொடுங்கள் பாய் என்றார். ஒரு பி.எஸ்.பி. இருந்தது, பேட்டரி இல்லை. புது சரக்கு வர நாலு நாள் ஆகும். பாலுவோ, வண்டியில் தக்காளி வெந்துகொண்டிருக்க, வெறுங்கையோடு போனால் பிள்ளை முகத்தைப் பார்க்க முடியாது என்று நகராமல் நின்றார். நஸ்ருல்லா அட்டைப்பெட்டியைக் கிளறினார். அளவுக்குப் பொருந்தியது ஒன்றே ஒன்று. அமுக்கிப் பார்த்தார். லேசாக உப்பியிருந்தது.

உப்பியிருக்கிறது என்று சொல்லிவிட்டு நாலு நாள் கழித்து வரச்சொல்லியிருக்கலாம். மனுஷர் என்ன செய்தார் தெரியுமா, இன்னும் இரண்டு சுற்று டேப் சுற்றினார். மூடி சரியாக உட்காரவில்லை. உள்பக்கத்தைக் கொஞ்சம் ராவி, அழுத்தி, மூடிவிட்டார். கொடுக்கும்போது வழக்கம்போலச் சொன்னார். அன்றைக்கு இரண்டு தடவை சொன்னார்.

சித்திரையில் ஒரு மத்தியானம், கரண்ட் போய் வந்த நேரத்தில், அது பவித்ராவின் கையிலேயே வெடித்தது. வலது கையில் கட்டை விரலும் அடுத்த இரண்டு விரலும் போயின. கழுத்தில் ஒரு தீக்காயம். கண் தப்பியது.

இது நஸ்ருல்லாவுக்கு ஆனி பிறக்கும்வரை தெரியாது. பாலு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, கருகிப்போன அந்த கேமை ஒரு கேரிபேக்கிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். நஸ்ருல்லா, அடி விழப்போகிறது, போலீஸ் வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். அடி விழவில்லை. பாலு அழுதார்.

"நீங்க சொன்னீங்க பாய். படிச்சுப் படிச்சு சொன்னீங்க. நான்தான், ஒண்ணும் ஆகாது, சார்ஜ் போட்டுக்கிட்டே ஆடும்மான்னு என் கையால ஒயரை சொருகிக் குடுத்தேன்."

அதற்கு மேல் அவர் சொன்னதையெல்லாம் கேட்கிற தெம்பு நஸ்ருல்லாவுக்கு இல்லை. பாலுவின் மனைவி மகாலட்சுமி அன்றையிலிருந்து அவரிடம் பேசுவதில்லையாம். பிள்ளை அப்பா பக்கத்தில் உட்காருவதில்லையாம், அவர் சாதத்தைப் பிசைந்து கொடுத்தால் தட்டை நகர்த்திவிடுகிறாளாம். ஸ்கூல் திறந்து இடது கையால் எழுதப் பழகுகிறாளாம். அவள் இத்தனைக்குப் பிறகும் அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டது பாலுவின் காதில் விழுந்திருக்கிறது, அந்த கேமை இடது கையால் ஆட முடியுமா என்று. வலது பக்கத்துப் பட்டன்களை இடது பக்கம் கொண்டுவர முடியுமா பாய், அதைச் செய்து கொடுத்தாலாவது என்னிடம் பேசுவாளோ என்னவோ என்றார் பாலு.

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. நஸ்ருல்லா மென்று விழுங்கிவிட்டு, செய்து தருகிறேன் என்றார்.

எட்டு நாள் வேறு வேலை பார்க்கவில்லை. இன்னொரு பி.எஸ்.பி.யை எடுத்து, வலது பக்கத்து நாலு பட்டனிலிருந்தும் முடி மாதிரி ஒயர் இழுத்து, முதுகுப்பக்கம் இடது கை விரல்கள் படுகிற இடத்தில் நாலு சின்ன சுவிட்ச் பதித்தார். பேட்டரி புத்தம்புதுசு. தன் வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஆடிப் பார்த்தார். வீட்டில் சோறு இறங்கவில்லை. மனைவி சம்ரீன் விடாமல் கேட்க, கடைசியில் அவளிடம் மட்டும் சொன்னார். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அவர் தொடாத தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு, "அந்த மனுஷர் சுமக்குறது உங்க சுமைங்க. அதை அங்க விட்டுட்டு நீங்க என்னத்தத் தொழுறீங்க" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போனாள்.

கேமை பாலுவைக் கடைக்கு வரச்சொல்லிக் கொடுத்திருக்கலாம். தானே பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனார். அடையவளஞ்சான் வீதியில் மாடியில் ஒற்றை அறைப் போர்ஷன். பாலு வாசற்படிக்கு வெளியே, வெயில் படுகிற இடத்தில் குந்தியிருந்தார். உள்ளே வரவில்லை. மகாலட்சுமி நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, உங்களை மாதிரி ஒருத்தர் அத்தனை சொல்லியும் இவருக்குப் புத்தி இல்லையே அண்ணே என்றாள். நஸ்ருல்லா குடிக்காமலே டம்ளரைக் கீழே வைத்தார்.

பவித்ரா கேமை வாங்கிக்கொண்டாள். முதலில் இடது கை தடுமாறியது. பிறகு பிடிபட்டது. திரையில் கார் ஓட ஓட, பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டு லேசாகச் சிரித்தாள். வலது கையைப் பாவாடை மடிப்புக்குள் ஒளித்து வைத்திருந்தாள். வாசலில் பாலு எட்டிப் பார்த்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு மெதுவாக உள்ளே ஓரடி வைத்து, சார்ஜரை எடுத்துத் தரட்டுமா கண்ணு என்றார்.

பிள்ளை கேமை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

"அப்பா தொட வேணாம். பாய் அங்கிள் போடட்டும்."

பாலு வைத்த காலை எடுத்துக்கொண்டார். கோபம்கூட இல்லை அந்த முகத்தில், பழகிப்போயிருந்தது. அதைத்தான் நஸ்ருல்லாவால் தாங்க முடியவில்லை.

"தங்கச்சி, உங்க வீட்டுக்காரர் மேல தப்பு இல்ல" என்றார். குரல் அவருக்கே யாருடையதோ மாதிரி கேட்டது. "அந்த பேட்டரி உப்பிப்போனது. கையால அமுக்கிப் பார்த்தேன், தெரிஞ்சேதான் போட்டேன். சார்ஜ் போட்டாலும் போடலைன்னாலும் என்னைக்காவது வெடிச்சிருக்கும்."

மகாலட்சுமிக்குப் பிடிபடவில்லை. நீங்கதான் சொல்லி அனுப்பினீங்களே என்றாள்.

"எல்லாருக்கும் சொல்லுவேன். யாரும் கேக்க மாட்டாங்க, அதுவும் தெரியும். நாளைக்கு ஏதாவது ஆனா, நான் அன்னைக்கே சொன்னேனேன்னு சொல்லிக்கலாம்ல. அதுக்குத்தான் சொல்றது."

அறையில் கார் கேமின் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வாசலிலிருந்து பாலு கேட்டார், "அப்ப நான் இல்லையா பாய்?"

"நீங்க இல்ல."

பாலு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். மகாலட்சுமி நஸ்ருல்லாவைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்தாள். இரண்டு மாசமாகத் தான் பேசாமல் இருந்ததெல்லாம் ஒரேயடியாக நினைவுக்கு வந்ததோ என்னவோ, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பவித்ராதான் அழவில்லை. கேமைத் தரையில் வைத்து, இடது கையால் நஸ்ருல்லாவின் பக்கம் தள்ளினாள்.

"அப்பா உங்க கடைக்கு வந்து அழுதாங்கல்ல. அப்பவும் உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்று நஸ்ருல்லா தலையை மட்டும் ஆட்டினார். பிள்ளை எழுந்து, நொண்டிக்கொண்டே வாசலுக்குப் போய், அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர்களைத் தாண்டித்தான் நஸ்ருல்லா வெளியே போக வேண்டியிருந்தது. பாலு இடம் விடுவதற்காக நகரவில்லை, அண்ணாந்து பார்த்துக் கேட்டார்.

"இந்த மாதிரி இன்னும் எத்தனை பேருக்குப் போட்டுக் குடுத்திருக்கீங்க?"

மறுநாள் காலையில் கடை திறக்கும் முன்பே பாலு வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். நஸ்ருல்லா போனில் 'கேம்' என்று போட்டுப் பதிந்து வைத்திருந்த பெயர்களை எடுத்தார். முப்பத்தேழு. உப்பின பேட்டரி எது, நல்லது எது என்று இப்போது அவருக்கே தெரியாது. ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, பேட்டரியில் கோளாறு இருக்கிறது, கழற்றிவிடுங்கள், கொண்டுவாருங்கள், புதுசு தருகிறேன் என்றார். சிலர் சரி என்றார்கள். பாதி நம்பர் உபயோகத்தில் இல்லை. எடமலைப்பட்டி புதூரில் ஒருத்தர் சிரித்தார். நல்லாத்தானே ஓடுது பாய், நீங்க சொன்ன மாதிரியே சார்ஜ் போட்டு ஆட விடுறதில்ல, பயப்படாதீங்க என்று இவருக்கே தைரியம் சொல்லிவிட்டு வைத்தார். இன்னொரு அம்மாவும் அதையேதான் சொன்னாள். இத்தனை வருஷமாகச் சொன்ன ஒரு வாக்கியம், அந்த வாக்கியத்தை மட்டும் எல்லாரும் நம்பியிருந்தார்கள்.

கடைசி நம்பர் திருவெள்ளறையில் காத்தமுத்து என்ற விவசாயியுடையது. மாசி மாசம் மகனுக்காக வாங்கிப்போனவர். போனை எடுத்தது அந்த மகன்.

"அப்பா போனை வச்சுட்டு வயலுக்குப் போயிட்டாங்க."

பின்னால் கேமின் பாட்டு கேட்டது. கேம் எங்கே இருக்கிறது தம்பி என்றார் நஸ்ருல்லா. கையில்தான் இருக்கிறது என்றான் பையன். அதைக் கீழே வை, தொடாதே, வெளியே போய் அப்பாவைக் கூப்பிடு என்று அவர் பதறப் பதற, பையன் சமாதானமாகச் சொன்னான்:

"சார்ஜ்ல இல்ல அங்கிள். சார்ஜ் போட்டுக்கிட்டு ஆட மாட்டேன். கொஞ்சம் சூடாத்தான் இருக்கு, அவ்வளவுதான்."

லைன் கட்டாயிற்று. திரும்பப் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. இன்னொரு தடவை போட்டார்.

பாலு ஸ்டூலை விட்டு எழுந்து வண்டிச் சாவியைக் கையில் எடுத்தார்.

"வீடு எங்கன்னு தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியாது என்றார் நஸ்ருல்லா.