தலையும் வாலும் ஒத்துப்போகாத படிகம்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் பல்கலைக்கழகத்தில் லித்தியம் நையோபேட் படிகம் வளர்த்துக்கொண்டிருந்தேன். லித்தியப் பொடியையும் நையோபியப் பொடியையும் அணு எண்ணிக்கையில் சரிபாதி வரும்படி நிறுத்துக் கலந்து, உலைக்குள் பிளாட்டினக் கிண்ணத்தில் உருக்கி, சிறு விதைப் படிகம் ஒன்றை அதில் தொடவைத்து மெல்ல மேலே தூக்க வேண்டும். விரல் நீளம் வளர நாள்கணக்கில் ஆகும்.

வளர்ந்த படிகத்துக்குள் லேசரைச் செலுத்தினால் கண்ணுக்குத் தெரியாத ஒளி பச்சையாக மாறி வெளியே வரும். எந்தச் சூட்டில் நன்றாக மாறும் என்பது படிகத்தில் உள்ள லித்தியத்தின் அளவைப் பொறுத்தது. என் படிகத்தில் மேல்நுனிக்கு ஒரு சூடு, அடிநுனிக்கு வேறொரு சூடு. இரண்டாவது படிகமும் அப்படியே.

"நீ சரியாக நிறுக்கவில்லை," என்றார் பேராசிரியர். குரலை உயர்த்தவில்லை. என்னிடம் இனி எதிர்பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்பதுபோல் சொன்னார்.

தீபாவளிக்கு, மலையில் ரிங்லெட் ஊருக்கு மேலே எங்கள் குடும்பம் வேலை செய்த தேயிலைத் தோட்டத்துக்குப் போனேன். அக்கா எங்கள் தொழிலாளர் லைன் வீட்டு அடுப்படியில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். அம்மா படுக்கையில் விழுந்தபோது பள்ளியை விட்டுக் கொழுந்து பறிக்கப் போனவள் அவள். நான் படித்தே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவளும் அவள்தான்.

"நான் திரும்பிப் போகலக்கா," என்றேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நெசமாவே தப்பா நிறுத்தியா?" என்றாள்.

"இல்லக்கா. ஒவ்வொண்ணையும் மூணு தடவ நிறுத்தேன்."

"அப்புறம் எதுக்கு அழுவுற? அந்த ஆளையே நிறுக்கச் சொல்லு லா. கேக்குறதுக்கு என்ன பயம்?"

கேட்கத்தான் பயமாக இருந்தது. திரும்பிப் போன பிறகும் நான்கு நாள் தள்ளிப்போட்டேன். ஐந்தாம் நாள் கேட்டேன். அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தராசின் முன் உட்கார்ந்தார்.

அவர் நிறுத்த பொடியில் வளர்ந்த படிகமும் தலைக்கொன்று வாலுக்கொன்றாகவே இருந்தது. அதற்குப் பிறகுதான் இருவரும் உட்கார்ந்து பழைய ஆய்விதழ்களைத் தேடினோம். வேறு நாடுகளில் முன்பே தெரிந்திருந்த விஷயம்தான். உருகிய குழம்பு சரிபாதியாக இருந்தாலும் உறையும் படிகம் லித்தியத்தைக் குறைவாகவே எடுத்துக்கொள்ளும். லித்தியம் இல்லாத இடங்கள் சிலவற்றில் நையோபியம் போய் உட்கார்ந்துகொள்ளும். மற்றவை காலியாகவே கிடக்கும். எடுக்காமல் விட்ட லித்தியம் கிண்ணத்தில் சேரச் சேர, பின்னால் வளரும் பகுதியின் கலவை மாறிவிடும்.

அடுத்த முறை லித்தியத்தைக் கொஞ்சம் குறைத்தே கலந்தோம். படிகம் எடுத்துக்கொள்ளும் விகிதமும் குழம்பில் உள்ள விகிதமும் ஒன்றாகிவிட்டன. அந்தப் படிகத்திலும் குறைகள் இருந்தன. ஆனால் மேலிருந்து அடிவரை ஒரே அளவில் இருந்தன. எல்லாத் துண்டுகளும் ஒரே சூட்டில் பச்சையாக ஒளிர்ந்தன.

"நல்லது," என்றார் பேராசிரியர். அளவுகளைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார்.

சில மாதம் கழித்து அக்கா தோட்டத்துக் கங்காணியிடம் லீவு சொல்லிவிட்டு, உலையைப் பார்க்க பஸ் ஏறி வந்தாள். ஆய்வுக்கூடத்தில் பேராசிரியரைக் கண்டதும் நேராக அவரிடம் போய், அவருக்குப் புரியும் மலாய் மொழியில் கேட்டாள்: "என் தங்கச்சி தப்பா நிறுத்துட்டான்னு சொன்னது நீங்கதானா?"



"நான்தான்," என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பினார். "அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். தப்பு என்னுடையது."

அக்கா தலையாட்டினாள். அவர் உலையின் வெளிச்சம் கண்ணைத் தாக்காமலிருக்கப் போட்டிருந்த கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி அவளிடம் கொடுத்து, உலையின் சின்ன ஜன்னலுக்கு முன்னால் முக்காலியை இழுத்துப் போட்டார்.