ஒன்பது கத்திகளுக்கு உறை

அக்காவின் வலது கட்டைவிரல் இனி முழுமையாக மடங்காது என்று மருத்துவர் சொன்ன அன்றே, அவளுடைய முதலாளியை எப்படிப் பழிவாங்குவது என்று நான் யோசிக்கத் தொடங்கிவிட்டேன். இதை மென்மையான சொல்லால் மூட விரும்பவில்லை. சமூகவியல் படித்தவள் என்பதால் நீதி, பொறுப்பு என்றெல்லாம் எழுத எனக்குத் தெரியும். ஆனால் அப்போது எனக்கு வேண்டியிருந்தது அந்த மனிதர் தலைகுனிவதைப் பார்ப்பது மட்டுமே.

அக்கா, கடலோர ஊரான உம்பாயில் ஒரு மீன் கிடங்கில் மீன் வெட்டுபவள். அங்கே ஒன்பது பெண்கள் வேலை செய்தார்கள். சேரும் நாளில் முதலாளியே ஆளுக்கொரு கத்தி கொடுப்பார். கிடங்கில் வைத்தால் காணாமல் போகிறது என்பதால், வேலை முடிந்ததும் கத்தியை வீட்டுக்கு எடுத்துப்போய் மறுநாள் கொண்டுவர வேண்டும் என்பதும் அவர் போட்ட விதிதான். உறை எதுவும் தரமாட்டார். பெண்கள் கத்தியை நாளிதழில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு, மோட்டார் சைக்கிள் கூடைக்குள் செருகிக்கொள்வார்கள். ஒரு காலை, எங்கள் ஊர் ஜாசினிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நாய் குறுக்கே ஓட, அக்கா பிரேக்கை அழுத்தினாள். பனியில் நனைந்த தாளைக் கிழித்துக்கொண்டு கத்தி வெளியே சரிந்தது. விழும் பொருளைப் பிடிக்கும் பழக்கத்தில் கையை நீட்டிவிட்டாள்.

வேலைக்குப் போகும் வழியில் நேர்ந்த விபத்துக்குத் தொழிலாளர் காப்பீட்டு அலுவலகத்தில் இழப்பீடு உண்டு. ஆனால் அந்தக் கத்தி வேலைக் கருவிதான், அதைக் கொண்டுபோய் வருவது தம் உத்தரவு என்று முதலாளி படிவத்தில் உறுதிசெய்ய வேண்டும். படிவத்தை நானே அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“நான் குடுத்ததோட அது அவ கத்தி. வீட்டுல வெங்காயம் வெட்டுனாளோ என்னவோ, எனக்கு எப்படித் தெரியும்?” என்றார். பிறகு மற்றப் பெண்கள் பக்கம் திரும்பி, “கத்திய ஒழுங்கா கட்டத் தெரியாதவங்கள்லாம் மீன் வெட்ட வந்துட்டாங்க லா” என்று சிரித்தார்.

யாரும் சிரிக்கவில்லை. தலை நிமிர்த்தவும் இல்லை. அந்தப் படிவத்தில் அவர் கையெழுத்தை வாங்காமல் விடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன். எப்படி என்று மட்டும் தெரியவில்லை.

உறை செய்யத் தொடங்கியதும் கோபத்தினால்தான். கட்டத் தெரியாதவள் என்று அவர் சொன்ன சொல்லை, எட்டுப் பெண்களும் இடுப்பில் ஆளுக்கொரு நல்ல உறையோடு அவர் முன் நடந்து பொய்யாக்க வேண்டும் என்று நினைத்தேன். தோல் உறை மீன் தண்ணீரில் ஊறி நாறிவிடும், பிளாஸ்டிக் வேண்டும். இணையத்தில் விற்ற தகடுகள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். ஒரு தகட்டின் விலைக்கு இரண்டு கத்தி வாங்கலாம். தண்ணீர்க் குழாயைப் பிளந்து சூடாக்கித் தட்டையாக்கிப் பார்த்தேன். கண்ணைக் கரிக்கும் புகை வந்தது. ஆறியபின் கீழே போட்டதும் விளிம்பு உடைந்தது.

நியாலாஸ் பக்கம் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் மாமாவிடம் கேட்டேன். ஒரு நீலப் பிளாஸ்டிக் டிரம்மில் பாதியை அறுத்துக் கொடுத்தார். தடிமன் சரியாக இருந்தது, சூட்டில் இளகியது, கத்தியின் வடிவத்தை அப்படியே பிடித்துக்கொண்டது. இரண்டு உறைகள் செய்து முடித்தபோதுதான் அறையில் பரவியிருந்த வாடை எனக்கு உறைத்தது. மழை பெய்த மறுநாள் செம்பனைக் காட்டில் அடிக்கும் அதே வாடை. மாமாவுக்குப் போன் செய்தேன்.

“மாமா, இதுல என்ன இருந்துச்சு?”

“களை சாகறதுக்கு அடிக்கிற புல்லு மருந்துதான்மா. நல்லா கழுவிட்டோம். நாங்க இதுலதானே தண்ணி புடிச்சு வெக்கிறோம்!”

“குடிக்கவா?”

“சேச்சே, குளிக்க. உன் மாமி மட்டும் அதுலயே அரிசியும் கழுவுவா. நல்லாத்தானே இருக்கா? என்கூட சண்டை போடறதுல ஒரு கொறையும் இல்ல.”

இந்த உறைகள் போவது அவருடைய மீனுக்குத்தானே, நாறட்டுமே என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த நினைப்பை நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் அந்த மீனை அவர் தின்னப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கடைக்கு வரும் யாரோ தின்பார்கள். என் பழி வழிதவறி அவர்கள் தட்டில் போய் விழக்கூடாது. இரண்டு உறைகளையும் துண்டுதுண்டாக வெட்டினேன். மாமியிடமும் பேசினேன், மாமா திட்டு வாங்கினார்.

தீர்வு ஜாசின் பேருந்து நிலையத்துக்கு அருகிலிருந்த மலிவுச் சாமான் கடையில் கிடந்தது. காய்கறி நறுக்கும் மெல்லிய வெள்ளைப் பலகை. உணவுக்கென்றே செய்த பிளாஸ்டிக்; ஒரு பலகையில் இரண்டு உறை வரும். ரொட்டி சுடும் அடுப்பில் அது இளகும்வரை வைத்து, கத்தியைச் சுற்றி மடித்து, பழைய உடற்பயிற்சிப் பாய்த் துண்டுகளுக்கு நடுவில் வைத்து, மேலே ஏறி நின்றேன். அந்த வகைப் பிளாஸ்டிக்கில் பசை ஒட்டாது. ஓரத்தை உலோக வளையங்களால் இறுக்க வேண்டும்.

லாரிக்குக் கன்வாஸ் தைக்கும் கடையில் அந்த வளையங்கள் உண்டு. முதலில் வாங்கியவை ஒரே வாரத்தில் உப்புத் தண்ணீரில் துருப்பிடித்தன. அடுத்த முறை காந்தத்தோடு போனேன். கடைக்கார அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“என்ன தங்கச்சி, என் கடைக்கே இன்ஸ்பெக்டரா?”

“காந்தம் புடிச்சா இரும்புண்ணே. எனக்குப் பித்தளைதான் வேணும்.”

“அதைக் கேட்டா நானே எடுத்துத் தர மாட்டேனா?”

“போன தடவையும் கேட்டேன். பித்தளைன்னுதான் குடுத்தீங்க.”

அவர் காதைச் சொறிந்துகொண்டு உள்ளே போய் வேறொரு பெட்டியைக் கொண்டுவந்தார். வளையம் அடிக்கும் கருவியையும் இரவலாகக் கொடுத்தார்.

கூர் வளையத்தில் படாதிருக்க, வெட்டும் பக்கம் அதே பலகையில் அறுத்த ஒரு பட்டையை இடையில் வைத்தேன். தண்ணீர் வடிய நுனியில் ஒரு துளை இட்டேன். ஒவ்வோர் உறையையும் தலைகீழாக நூறு முறை உலுக்கிப் பார்த்த பிறகே கொடுத்தேன். ஓர் உறை தவறினாலும் இன்னொரு கை போகும். அவரும் இன்னொரு முறை சிரிப்பார். இரண்டையும் என்னால் தாங்க முடியாது.

இரண்டு மாதத்தில் ஒன்பது கத்திகளுக்கும் உறை வந்துவிட்டது. அக்காவின் இடத்துக்கு வந்த பெண் அக்காவின் கத்தியைத்தான் பயன்படுத்தினாள். முதலாளியே ஆள் அனுப்பி எங்கள் வீட்டிலிருந்து அதை வாங்கிப்போயிருந்தார். அதற்கும் சேர்த்துத்தான் செய்தேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை காலை முதலாளியே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். சுகாதார அதிகாரிகள் வரப்போகிறார்கள். கத்திகள் கிடங்குக்குச் சொந்தமானவை, எங்கே இருந்தாலும் அதன் பொறுப்பில் உறையோடு இருப்பவை என்று எழுத்தில் காட்ட வேண்டும். தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களில் ஒருவர் பட்டம் வாங்கிவிட்டால், ஊரில் உள்ள எல்லாப் படிவங்களும் அவர் மேசைக்கு வந்துவிடும். சண்டைக்காரரின் படிவமும் வரும். முதலாளி அதைத் தவறாகவே நினைக்கவில்லை.

“படிச்ச புள்ள, நீயே நல்லா எழுதிக் குடும்மா. உறையும் நீதானே செஞ்சே.”

அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள். விரட்டிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் கிடங்கை மூடினால் எட்டுப் பேரும் புதிதாக வந்தவளும் தெருவில் நிற்பார்கள். அக்காவின் படிவமும் காலியாகவே கிடக்கும். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னேன்.

அவர் சொல்வதுபோலவே எழுதினேன்: இந்த ஒன்பது கத்திகளும் கிடங்கின் கருவிகள்; கடந்த மூன்று ஆண்டுகளாக என் உத்தரவின்படியே பணியாளர்கள் இவற்றை நாள்தோறும் வீட்டுக்கு எடுத்துச் சென்று திரும்பக் கொண்டுவருகிறார்கள். கத்திகளின் பட்டியலில் அக்காவின் கத்தியை முதலாவதாகப் போட்டு, இதற்குமுன் யார் கையில் இருந்தது என்பதையும் எழுதினேன். ஏமாற்றிவிட்டாள் என்று நாளை சொல்லக்கூடாது என்பதற்காக, மலாயில் எழுதியதைத் தமிழில் இருமுறை நிதானமாகப் படித்துக் காட்டினேன்.

“மூணு வருஷம்னு போடலாமா, அங்கிள்?”

“போடு போடு. ரொம்ப நாளா ஒழுங்கா நடக்குதுன்னு தெரியட்டும்.”

கையெழுத்திட்டு முத்திரையும் குத்தினார். ஒரு நகல் எனக்கு வேண்டும் என்றேன். தாராளமாகத் தலையாட்டினார்.

சோதனை நல்லபடியாக முடிந்த மறுநாள், அக்காவின் விபத்துப் படிவத்தை அந்த நகலோடு இணைத்து அவருக்கு அனுப்பினேன். அரைமணி நேரத்தில் போன் வந்தது.

“அது வேற கடிதம்மா. அத இதுக்குக் காட்டக்கூடாது.”

“ரெண்டு ஆபீசுக்கும் ஒரே கத்திதான் அங்கிள். எந்த ஆபீசுல பொய் சொன்னீங்கன்னு மட்டும் சொல்லுங்க, அங்க நானே போய்த் திருத்திட்டு வரேன்.”

“உன்ன நம்பித்தானே வந்தேன்” என்றார்.

“அதான் ரெண்டு தடவ படிச்சுக் காட்டினேன்.”

மறுநாள் கிடங்குப் பெண் ஒருத்தி படிவத்தைக் கொண்டுவந்தாள். எல்லாக் கட்டங்களும் நிரப்பப்பட்டிருந்தன. கையெழுத்து, தாளின் மறுபக்கம் புடைக்கும் அளவுக்கு அழுத்தி இடப்பட்டிருந்தது. அக்கா அதை இடக்கையால் வாங்கி, ஒருமுறை பார்த்துவிட்டு, என்றைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று கேட்டாள். திங்கட்கிழமை என்றேன். நான் மட்டும் அந்தப் புடைப்பை விரலால் பலமுறை தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கப்பட வேண்டிய மகிழ்ச்சிதான். ஆனாலும் வெட்கம் வரவில்லை.