மண்டபத்துக்காக எழுந்த இரண்டு அன்ரிமார்

எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் பிழை விட்டது நான்தான்.

மெல்பேணின் மேற்கே, ஆற்றங்கரையில், எங்கள் கவுன்சிலுக்கு ஒரு பழைய மண்டபம் இருந்தது. செவ்வாய்க்கிழமைகளில் அது எங்கள் தமிழ் முதியோர் சங்கத்துக்கு. தூரத்து வெரிபீயிலிருந்துகூட ரயிலேறி வருவார்கள். யோகாசனம் என்று பெயர். பாதி நேரம் வடையும் வாய்ப்பேச்சும்தான். பிள்ளைகள் வேலைக்குப் போனபின் கிழமை முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் சனம், அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரிக்கும். நான் சங்கத்தின் செயலாளர்.

ஒருநாள் கவுன்சிலிலிருந்து தமிழிலேயே ஒரு கடிதம் வந்தது. அந்த ஆற்றங்கரையில் முன்பு பூர்வகுடிக் குடும்பங்கள் வாழ்ந்தனவாம். கவுன்சிலே அவர்களை வெளியேற்றிவிட்டு, வீடுகளை இடித்துத்தான் மண்டபம் கட்டியதாம். தலைமுறை தலைமுறையாகத் தன் சட்டங்களாலேயே அவர்களை ஒதுக்கி வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டு, பரிகாரமாக அந்த நிலத்தையும் மண்டபத்தையும் அவர்களிடமே திருப்பிக் கொடுக்க யோசிக்கிறதாம். கருத்துச் சொல்ல விரும்புவோர் கூட்டத்துக்கு வரலாம் என்றிருந்தது.

"அப்ப எங்கட செவ்வாய்க்கிழமை?" என்றார் சங்கத்தில் மூத்த அங்கிள்.

"விடுவனே நான்? நீங்கள் சும்மா இருங்கோ, நான் பாக்கிறன்."

அன்றைக்கே தமிழில் ஓர் ஆட்சேபனைக் கடிதம் எழுதி, பக்கத்தில் ஆங்கிலத்தையும் போட்டு, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினேன்.

கூட்டத்தன்று முன்வரிசையில் போய் இருந்தேன். மேயர் எங்கள் பொங்கலுக்கு வருகிற மனிதர். எங்கள் பிள்ளைகளைப் பார்த்து அவரும் என்னை அன்ரி என்றே கூப்பிடுவார். அவர் மைக்கைப் பிடித்து, "அன்ரி, நீங்கள் முதலில் பேசுகிறீர்களா?" என்றார். நான் கடதாசியோடு எழும்பினேன். பின்னால் இன்னொரு கதிரை அரக்கிய சத்தம் கேட்டது. திரும்பினால் என் வயதில் ஒரு பூர்வகுடிப் பெண்மணி நிற்கிறார். அவர்களும் தங்கள் மூத்த பெண்களை அன்ரி என்றுதான் அழைப்பார்களாம். எனக்கு யார் சொன்னது! மேயர் கூப்பிட்டது அவரை. கூட்டம் சிரித்தது. எனக்கு மானம் போய்விட்டது.

"நீங்களே பேசுங்கள்," என்றார் அவரும் சிரித்தபடி. "இவ்வளவு காலம் காத்திருந்துவிட்டேன், இன்னும் ஐந்து நிமிடத்தில் ஒன்றும் ஆகாது."

"இல்லையில்லை, நீங்கள்தான்," என்று நான் இருந்துவிட்டேன்.

அவர் பேசினார். சின்ன வயதில் கவுன்சில் ஆட்கள் வந்து, வெள்ளிக்கிழமைக்குள் வெளிக்கிடச் சொன்னார்களாம். தாய் தையல் மெஷினை மட்டும் தூக்கிக்கொண்டு போனாராம். வளர்ந்த பிறகு தானே எத்தனையோ தடவை கவுன்சில் கந்தோருக்குப் போய் அந்த நிலத்தைக் கேட்டாராம். மக்கள் பயன்பாட்டில் உள்ள இடம், தர முடியாது என்று ஒவ்வொரு தடவையும் அனுப்பிவிட்டார்களாம்.

அவர் ஆங்கிலத்தில் சொன்னது எனக்குத் தமிழில்தான் கேட்டது: பாவனையில் உள்ளது. ஊரில் எங்கள் காணியை யுத்தகாலத்திலிருந்து இராணுவம் பிடித்து வைத்திருக்கிறது. அதை விடுவிக்கச் சொல்லி நான் நிரப்பாத படிவமில்லை, ஏறாத கந்தோர் இல்லை. வருகிற பதில் இந்த இரண்டு சொற்கள்தான். கையிலிருந்த கடதாசியைக் குனிந்து பார்த்தேன். 'இம்மண்டபம் பத்து வருடங்களாக எங்கள் பாவனையில் உள்ளது' என்று தொடங்கியிருந்தது. ஐயோ, என் கையெழுத்து! வெட்கத்தில் காது சுட்டது.

என் முறை வந்தபோது கடதாசியை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். "எங்களுக்கு ஆட்சேபனை இல்லை. அவர்களுடையதை அவர்களிடம் கொடுங்கள்," என்று மட்டும் சொன்னேன்.

வெளியே வந்ததும் அங்கிள் பிடித்துக்கொண்டார். "என்ன பிள்ளை, எங்களையும் கேக்காமல் தூக்கிக் குடுத்திட்டீர்?"

கடதாசியை எடுத்து அந்த முதல் வரியைக் காட்டினேன். ஊரில் அவருடைய வீட்டிலும் ஆமிதான் இருக்கிறது. வாசித்துவிட்டு, மடித்து என்னிடமே திருப்பித் தந்தார்.

கவுன்சில் தீர்மானம் நிறைவேறியது. அடுத்த கிழமை அந்த அன்ரியே தொலைபேசி எடுத்தார். செவ்வாய்க்கிழமைகளில் நாங்கள் வழமைபோல் வரலாம், வடை மட்டும் தங்களுக்கும் வேண்டும் என்றார். எனக்கு வந்த சந்தோசத்தில் எத்தனை வடை என்று கேட்க மறந்துபோனேன்.

கையளிப்பு நாளன்று நான் போவதற்கு முன்பே அங்கிள் வாசலில் நின்றார். மகனின் கல்யாணத்துக்குத் தைத்த கோட், கழுத்தில் டை.

"என்ன அங்கிள், மாப்பிள்ளை மாதிரி?" என்று பகிடி விட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "காணியைத் திருப்பிக் குடுக்கிறதை நான் என்ர சீவியத்தில ஒருநாளும் பாக்கேல்லப் பிள்ளை," என்றார். "எப்பிடிக் குடுக்கிறவை எண்டு பாப்பம் எண்டுதான் வந்தனான்."