சக்கரைக்குப் பயந்து கோபிக்குப் போன கதை

தொண்ணூற்றாறு தை மாதம், ஒரு புதன்கிழமை. காலை எட்டரைக்கு காந்திபுரத்தில் கோபி பஸ் ஏறி உட்கார்ந்ததுமே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எண்பது கிலோமீட்டர் போக இத்தனை பயமா என்று சிரிக்காதீர்கள். கோபியில் என் தங்கை தனத்தின் மகளுக்கு அன்று பூப்புச் சீர், நான் தாய்மாமன். மாமன் இலையில் கை வைத்தால்தான் எங்கள் பக்கம் பந்தியே நகரும். இலையில் வைக்கிற ஒப்பிட்டை, அதுதான் இனிப்புப் போளியை, வேண்டாமென்று ஒதுக்கினால் உறவையே ஒதுக்கினதாகப் பேசுவார்கள்.

என் அண்ணனுக்குச் சக்கரை வியாதியில் இடது கால் முழங்காலோடு போனது. அதைப் பார்த்த பிறகுதான் நான் சோற்றை விட்டேன். நாலு மாசம் கீரையும் மோரும் களியுமாக இருந்து எண்பத்தெட்டு கிலோவை எழுபத்தொன்றுக்குக் கொண்டுவந்தேன். எனக்கிருந்த சக்கரையும் அடங்கியது. டாக்டர் மாத்திரையைப் பாதியாக்கினார். "குறைச்சது பெருசில்லீங்க, இப்படியே வெச்சிருக்கறதுதான் பெருசு" என்றார். அந்த மனுசன் அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். அன்றிலிருந்து ஒரு இட்லி கூடினாலும் காலைத் தடவிப் பார்த்துக்கொள்வேன்.

அவிநாசி, சேவூர் தாண்டி பஸ் போனது. இரண்டு பக்கமும் சோளத்தட்டு அறுத்துப் போட்ட காடுகள். பந்திக்காக வயிற்றைக் காலியாக வைத்திருந்தேன். காலையில் ஒன்றுமே சாப்பிடவில்லை. பத்தரை மணிக்கு இன்னொரு புத்திசாலித்தனமும் செய்தேன். ஒப்பிட்டுக்கு ஈடு கட்டட்டும் என்று பாதி மாத்திரைக்குப் பதில் ரெண்டு முழு மாத்திரையை முழுங்கிவிட்டேன்.

"ஏனுங்க, டாக்டரு பாதிதானுங்க சொன்னாரு?" என்றாள் என் மனைவி சரசு.

"போனதும் சாப்பாடுதான், நீ சும்மா இரு புள்ள."

நம்பியூர் தாண்டினதும் டயர் வெடித்தது. "ஸ்டெப்னி மாத்திப்போடலாங்க, செத்த பொறுங்க" என்றார் கண்டக்டர். அந்தச் செத்த நேரம் முக்கால் மணி நேரமானது. கோபியில் இறங்கி, சீர்த்தட்டோடு ஆட்டோ பிடித்து தனத்தின் வீட்டுக்குப் போனபோது பன்னிரண்டு தாண்டிவிட்டது. புதன்கிழமை பன்னிரண்டுக்கு ராகு காலம்.

தனத்தின் மாமனார் வாசலிலேயே கும்பிட்டார். "வாங்க தம்பி. ராகு காலம் பொறந்துபோச்சுங்க. ஒன்றரை கழிஞ்சு சீரை வாங்கிக்கலாம். அப்பறம் பந்திங்க."

ஒன்றரையா! என் காதில் அதற்குமேல் ஒன்றும் ஏறவில்லை. எனக்காகக் கூட்டமே பட்டினி உட்கார்ந்திருக்கிறது. தாமதமாக வந்த மாமன் முதலில் வாழைப்பழம் கேட்டால் மானம் போகாதா?

ஒரு மணிக்கு வேர்த்தது. பந்தலில் காற்றாடி ஓடுகிறது, எனக்குச் சட்டை நனைகிறது. கை நடுங்கியது. நெஞ்சு படபடவென்று அடித்தது. போச்சு, சக்கரை ஏறிவிட்டது என்றே நினைத்தேன். எனக்கு அது ஏறுவதற்குத்தான் பயப்படத் தெரியும். இறங்கும் என்பது புத்தியிலேயே இல்லை. யாரோ கலர் சோடா நீட்ட, விஷத்தைப் போலத் தள்ளிவிட்டேன். எதிரே அண்ணன் ஒற்றைக் காலோடு நிற்பது போல இருந்தது.

சரசுதான் கழுத்தில் கை வைத்துப் பார்த்தாள். "அய்யோ, சில்லுனு இருக்குதே! வெறும் வயித்துல ரெண்டு மாத்திரை, சக்கரை எறங்கிப்போச்சு!" என்றவள், நான் கொண்டுவந்த சீர்த்தட்டிலிருந்தே கற்கண்டை அள்ளி என் வாயில் திணித்தாள்.

"ராகு காலத்துல சீர்த்தட்டுல கை வெக்கறயே அம்மணி!" என்று தனத்தின் மாமனார் பதறினார்.

"மாமன் இருந்தாத்தானுங்க சீரு!"

சோடாவையும் புகட்டினாள். கால் மணியில் கண் தெளிந்தது. கடைக்குப் போய்ப் புதுக் கற்கண்டு வாங்கிவந்து தட்டை நிரப்பினார்கள். ஒன்றரை கழிந்து சீர் முடிந்தது. பந்தியில் சோறும் பொரியலும் அளவாகச் சாப்பிட்டேன். ஒப்பிட்டுப் பக்கம் கை போகவில்லை. எதிர்வரிசையில் குசுகுசுத்தார்கள்.

நாலு மணிக்குக் கிளம்பும்போது தனம் ஒரு தூக்குவாளி நிறைய ஒப்பிட்டோடு வந்தாள். அவள் கண் சிவந்திருந்தது. "எளைச்சு எலும்பாப் போயிட்டீங்கண்ணா. ஊட்டுல வெச்சாவது தின்னுங்க."

முன்பானால் வாங்கியிருப்பேன். வழியில் தின்றும் இருப்பேன்.

"வேண்டாங் கண்ணு. எனக்குப் பயமா இருக்குது" என்றேன். இத்தனை மாசத்தில் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. "அண்ணனாட்ட ஆயிருவனோன்னு தினமும் பயமா இருக்குது. பாப்பா கல்யாணத்துக்கும் நான் நடந்து வரோணும்."

தனம் வாளியைக் கீழே வைத்தாள். என் காலைப் பார்த்தாள்.

"அப்ப அடுத்த மாசம் வாங்கண்ணா. பச்சப்பயறு கடைஞ்சு வெக்கறேன். ரெண்டு கரண்டி சோறுதான் போடுவேன். நீங்களே கேட்டாலும் மூணாவது போட மாட்டேன்."

பந்தலில் அத்தனை பேர் நடுவே எனக்கு அழுகை வந்துவிட்டது.